'பழகிப்போச்சு' என்கிறோமே, யாருக்கு? இயற்கைத் தேர்வு ஓர் எளிய விளக்கம்

வட பர்மாவில் கச்சின் பக்கம் தங்கச் சுரங்கத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு யாங்கோன் திரும்பிய மாமா ஒருவர், டீக்கடையில் உட்கார்ந்து தன் மலேரியாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை காய்ச்சல் வந்தபோது மாத்திரை போட்ட மூன்றாம் நாளே எழுந்து நடமாடிவிட்டாராம். அடுத்த வருடம் அதே மாத்திரைக்கு ஒரு வாரம் ஆகியும் குளிர் விடவில்லை. "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு தம்பி" என்று முடித்தார். "உடம்புக்கு இல்லண்ணே, கொசுவுக்குத்தான்" என்றார் எதிரே இருந்தவர். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "கொசு மாத்திரை சாப்பிடுதா என்ன? கிருமிக்குப் பழகிப்போச்சு" என்றார்.

கடைக்காரர் சொன்னது மற்ற இருவர் சொன்னதைவிட உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் மூவரும் ஒரே சொல்லில் வழுக்கி விழுந்தார்கள். (மாமாவுக்கு என்ன நடந்தது என்பது ரத்தம் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. வாங்கியது போலி மாத்திரையாகக்கூட இருக்கலாம். அது வேறு கதை.) நான் மாலையில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுப்பவன். பரீட்சையில் தொண்ணூறு மார்க் வாங்கும் பிள்ளைகூட, விடைத்தாளை மூடியதும் 'பழகிப்போச்சு' என்றுதான் பேசுகிறது. அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

## ஙப்பிக்குப் பழகுவதும் சல்லடையைத் தாண்டுவதும்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் கப்பலேறி பர்மா வந்தவர்களுக்கு ஙப்பி (மீன், இறால் ஊறவைத்து அரைத்த பர்மிய விழுது) வாசனை குடலைப் புரட்டும் என்று எங்கள் தாத்தா சொல்வார். ஒரு வருடம் போனால் ஙப்பி இல்லாமல் சோறு இறங்காது. அதே ஆள், அதே நாக்கு, மாறியது அவர். இதுதான் பழக்கம். இன்னொன்றையும் பாருங்கள்: அவருக்குப் பிறக்கும் பிள்ளை ஙப்பிப் பிரியனாகவே பிறப்பதில்லை. அது தன் நாக்கைத் தானே பழக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது வீடு கட்டும் இடத்துக்கு வாருங்கள். மணல் சலிக்கிறார்கள். பொடி கீழே விழுகிறது, கல் மேலே தங்குகிறது. சலித்த குவியல் முன்பிருந்ததைவிட நைசாக இருக்கிறது. ஆனால் எந்தக் கல்லும் தேய்ந்து சிறுக்கவில்லை. "மணல் சல்லடைக்குப் பழகிப்போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. குவியலின் சேர்மானம் மாறியது; துகள் ஒன்றுகூட மாறவில்லை.

இயற்கைத் தேர்வு இந்தச் சல்லடை வகையைச் சேர்ந்தது. ஒரே ஒரு வித்தியாசம், மணல் குட்டி போடாது. உயிர்கள் போடும். சல்லடையைத் தாண்டியவை தங்களைப் போலவே பிள்ளைகளைப் பெறுகின்றன. அந்தப் பிள்ளைகளும் அடுத்த தலைமுறையில் அதே சல்லடைக்கு வருகின்றன. சிறிய வித்தியாசம்கூட வட்டி போலப் பெருகுவது அதனால்தான்.

சில சொற்களை இங்கேயே பிடித்துவைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் வாழ்ந்து, தங்களுக்குள் இனம் பெருக்கும் ஒரே வகை உயிர்களின் கூட்டத்தை *இனக்கூட்டம்* என்கிறோம். ஒரு குளத்து விரால் மீன்கள் ஓர் இனக்கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று இருக்கும் வித்தியாசங்கள் *வேறுபாடு*. அவற்றில் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் வேறுபாடு மட்டுமே நமக்கு இங்கே முக்கியம். அதைக் கடத்தும் குறிப்பு *மரபணு*. சில வேறுபாடுகள் உள்ளவை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாகப் பிள்ளை பெறுவதால், தலைமுறை போகப் போகக் கூட்டத்தின் சேர்மானம் மாறுவதுதான் *இயற்கைத் தேர்வு*.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தனி உயிர் மாறுவது பழக்கம். கூட்டத்தின் சேர்மானம் மாறுவது இயற்கைத் தேர்வு. வேறுபாடு இல்லாத கூட்டத்தில் சலிப்பதற்கு ஒன்றுமில்லை.

## விதைநெல் எடுத்த கை

எங்கள் குடும்பம் பெகு பக்கம் நெல் விவசாயம். அறுப்புக்கு முன்னால் அப்பத்தா வயலுக்குள் இறங்கி, நன்றாக முற்றிய, சாயாத கதிர்களாகப் பார்த்து அறுத்துத் தனியாகக் கட்டிவைப்பார். அடுத்த வருட விதை அது. இப்படி ஆயிரக்கணக்கான அப்பத்தாக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான் இன்றைக்கு நாம் உண்ணும் நெல் வந்தது. பர்மாவின் பவ்சான் அரிசி வெந்ததும் நீளமாக விரிகிறதே, மணக்கிறதே, அதெல்லாம் இப்படிப்பட்ட கைகள் விட்டுச்சென்றவை. 2011ல் நடந்த உலக அரிசி மாநாட்டில் சிறந்த அரிசி என்று அதற்குப் பரிசு கிடைத்தது. பரிசு பாதி நெல்லுக்கு என்றால் மீதி பாதி பொறுக்கியவர்களுக்கு.

மனிதர் பொறுக்கினால் அது *செயற்கைத் தேர்வு*. 1859ல் டார்வின் தன் வாதத்தைத் தொடங்கியதும் இங்கிருந்துதான். புறா வளர்ப்பவர்களின் கூண்டுகளைக் காட்டித்தான் அவர் வாசகரை உள்ளே அழைத்தார். அதற்கு முந்தைய வருடம் அவரும், மலாய்த் தீவுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்துக்கொண்டிருந்த வாலஸும் தனித்தனியே எட்டிய இதே கருத்து லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: அப்பத்தாவின் கை இல்லாவிட்டால் என்ன ஆகும்? குளிர், வறட்சி, எதிரி, நோய், துணை கிடைக்காமை இவையே சல்லடையாக நின்றால்?

'தேர்வு' என்ற சொல் இங்கே கொஞ்சம் மோசம் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். அதைக் கேட்டதும் யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடுவது போல ஒரு படம் மனதில் எழுகிறது. அப்படி ஒருவர் இல்லை. இதை நம்பவைக்க எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அப்பத்தாவின் வயலிலேயே இருந்தது. அவர் வேண்டும் என்று பொறுக்கியது நெல்லை. வேண்டாம் என்று பிடுங்கியதன் வழியாக, தனக்கே தெரியாமல், இன்னொன்றையும் வளர்த்துவிட்டார்.

## நெல் வேஷம் போட்ட புல்

நெல் வயலில் குதிரைவாலிப் புல் என்று ஒரு களை உண்டு. நாம் உண்ணும் குதிரைவாலித் தானியத்துக்கு உறவுக்காரன்தான். சாதாரண இடத்தில் முளைக்கும்போது இது தரையோடு பரந்து கிடக்கும், தண்டின் அடியில் சிவப்போ ஊதாவோ ஓடும். களை எடுக்கிற கண்ணுக்கு நூறு அடி தள்ளியே தெரியும். ஆனால் நெல் வயலுக்குள் ஒரு வகை இருக்கிறது. அது நெற்பயிரைப் போலவே நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு பச்சையாக இருக்கும், தூரும் நெல்லைப் போலவே கட்டும். கதிர் வரும்வரை புதியவர்கள் அடையாளம் காண்பது கஷ்டம்.

அப்பத்தா மட்டும் ஏமாற மாட்டார். இலை தண்டைச் சேரும் இடத்தை விரலால் விரித்துப் பார்ப்பார். நெல்லில் அந்த இடத்தில் மெல்லிய நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு அது கிடையாது, வழவழவென்று இருக்கும். ஆனால் ஒரு நாளில் எத்தனை பயிரைத்தான் விரித்துப் பார்ப்பது? அவசரத்தில் கண்ணை நம்பித்தான் களை எடுப்பார்கள்.

இப்போது யோசியுங்கள். ஒரு வயலில் ஆயிரம் புல் முளைக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. சில பரந்திருக்கும், சில லேசாக நிமிர்ந்திருக்கும். சிலவற்றின் அடி சிவப்பு, சிலவற்றின் அடி வெளிர் பச்சை. களை எடுப்பவர் கண்ணில் பட்டதைப் பிடுங்குகிறார். தப்பியவை எவை? கொஞ்சமாவது நெல்லைப் போல இருந்தவை. அவை விதை போடுகின்றன. அடுத்த வருடம் முளைப்பதில் நிமிர்ந்ததும் பச்சையும் சற்றுக் கூடுதல். மறுபடி களையெடுப்பு. சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கத்து வயல்களில் இந்த வேஷக்காரப் புல்லின் மரபணுக்களைப் படித்தவர்கள், அது சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் பிரிந்து உருவானதாகக் கணித்திருக்கிறார்கள். உழவர்கள் பிடுங்கப் பிடுங்க உருவான புல்.

புல்லுக்கு நெல்லைப் போல ஆக வேண்டும் என்ற ஆசை இல்லை. அதற்குக் கண்ணும் இல்லை, பக்கத்தில் நிற்பது நெல் என்றும் தெரியாது. எந்த ஒரு புல்லும் தன் வாழ்நாளில் நிமிர்ந்து உட்கார்ந்து பச்சை பூசிக்கொள்ளவில்லை. நிமிராததும் சிவந்ததும் வரப்புக்கு வெளியே எறியப்பட்டன, அவ்வளவுதான்.

'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்பதுதான் இயற்கைத் தேர்வு என்று நினைப்பவர்களுக்கும் இந்தப் புல்தான் பதில். இங்கே பிழைத்தது வலுத்த புல் அல்ல, கண்ணில் படாத புல். *தகுதி* என்று உயிரியலில் சொல்வது தோள்வலிமையை அல்ல. இந்த இடத்தில், இந்தச் சூழலில், எத்தனை வாரிசை விட்டுச்செல்ல முடிகிறது என்பதை. களை எடுக்காத மேட்டு நிலத்தில் அதே பச்சைப் புல்லுக்கு ஒரு தனிச் சிறப்பும் இல்லை.

## பாடபேதம் எப்படி வருகிறது

சரி, சலிப்பதற்கு வேறுபாடு வேண்டும் என்றோம். அது எங்கிருந்து வருகிறது?

ஓலைச்சுவடிக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதுவார்கள். எழுதுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கோ ஓர் எழுத்து தவறும். அடுத்து அதைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். பாடபேதம் பிறப்பது இப்படித்தான். செல் பிரியும்போது மரபணுக் குறிப்பும் படியெடுக்கப்படுகிறது. அங்கே நேரும் எழுத்துப் பிழைக்கு *திடீர்மாற்றம்* என்று பெயர். பெரும்பாலான பிழைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில கெடுக்கும். எப்போதாவது ஒன்று, இருக்கும் சூழலில் உதவியாக அமைந்துவிடும். அப்பா அம்மா இருவரின் குறிப்பும் பிள்ளையில் கலப்பதால், சீட்டுக்கட்டைக் குலுக்குவது போல, பழைய வேறுபாடுகளே புதுப்புதுச் சேர்க்கைகளாகவும் வருகின்றன.

இங்கேதான் பிள்ளைகள் என்னிடம் மல்லுக்கு நிற்பார்கள். "மருந்து வந்ததனாலதானே சயா கிருமி மாறுது? தேவை வந்ததும் மாறுது, அப்படித்தானே?" நியாயமான சந்தேகம். விஞ்ஞானிகளுக்கும் 1940கள் வரை இருந்த சந்தேகம்தான்.

## ஒரு வெல்வெட் துணி தீர்த்துவைத்த சண்டை

1952ல் எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் என்ற தம்பதியர் செய்த சோதனையை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன், எனக்கே சலிப்பதில்லை. ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாக வளர விட்டார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியின் வாரிசுகள் கூடிய கும்பல். இந்தத் தட்டில் மருந்தே இல்லை. பிறகு ஒரு கட்டையில் வெல்வெட் துணியைக் கட்டி, ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றுவது போலத் தட்டின்மேல் ஒற்றி எடுத்தார்கள். துணியின் மயிரிழைகளில் ஒவ்வொரு கும்பலிலிருந்தும் சில கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். அந்த ஸ்டாம்பை, கிருமியைக் கொல்லும் பொருள் கலந்த புதுத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினார்கள்.

தேவை வந்த பிறகு கிருமி மாறுகிறது என்றால், ஒவ்வொரு புதுத் தட்டிலும் வெவ்வேறு இடத்தில்தான் சில கிருமிகள் பிழைக்க வேண்டும். நடந்தது வேறு. எல்லாத் தட்டிலும் ஒரே இடங்களில்தான் கிருமிகள் பிழைத்து நின்றன. அப்படியானால் பிழைக்கும் திறன் பழைய தட்டிலேயே அந்த இடங்களில் இருந்திருக்க வேண்டும். திரும்பிப் போய்ப் பழைய தட்டில், அதே இடத்திலிருந்து, மருந்தின் வாடையே படாத கிருமிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு அந்தத் திறன் ஏற்கெனவே இருந்தது.

மருந்து எந்தக் கிருமியையும் எதிர்ப்பாளியாக மாற்றவில்லை. ஏற்கெனவே இருந்த எதிர்ப்பாளியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துடைத்தது.

இதுவரை: பிழைகள் தேவை பார்த்து வருவதில்லை, சும்மா வந்துகொண்டே இருக்கின்றன. எது தங்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. வருவது தற்செயல், தங்குவது தற்செயல் அல்ல.

## எல்லையோரக் காடுகளில் நடந்த சலிப்பு

இப்போது மாமாவின் மாத்திரைக்கு வருவோம். மலேரியாக் கிருமிகளில் ஆளைக் கொல்லும் வகை ஃபால்சிபாரம். குளோரோகுயின் என்ற மலிவான மாத்திரை ஒரு காலத்தில் அதை நன்றாகக் கொன்றது. 1950களின் கடைசியில் தாய்லாந்து - கம்போடிய எல்லையில் அது கேட்காமல் போகத் தொடங்கியது. தென்னமெரிக்காவிலும் அதே காலத்தில்தான். தென்கிழக்காசியாவிலிருந்து பரவி, 1970களின் கடைசியில் எதிர்ப்புக் கிருமிகள் ஆப்பிரிக்காவை எட்டின.

பிறகு வந்தது ஆர்ட்டிமிசினின். சீனாவில் தூ யூயூ குழுவினர் 1970களின் தொடக்கத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்காக 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து ரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும், ஆனால் இருக்கும்வரை வெளுத்து வாங்கும். இதைத் தாண்டிய கிருமிகள் எப்படித் தாண்டின தெரியுமா? எதிர்த்துச் சண்டை போட்டு அல்ல. இளம் பருவத்தில் வளர்ச்சியை மந்தமாக்கிக்கொண்டு, மருந்து வடியும்வரை பதுங்கி இருந்து. கடன்காரர் கதவைத் தட்டும்போது மூச்சுக் காட்டாமல் உள்ளே இருப்பது போல. 2008, 2009 வாக்கில் மேற்குக் கம்போடியாவில் இதைக் கண்டார்கள். கே13 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் இதன் அடையாளம் என்று 2014ல் வெளியானது.

2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பர்மா முழுவதும், எல்லைப் பக்கங்கள் உட்பட, எடுத்த 940 ரத்த மாதிரிகளைப் பார்த்தார்கள். 371ல், அதாவது 39 சதவீதத்தில், கே13 மாற்றம் இருந்தது. சகாயிங் பகுதியில் ஹோமலின் என்ற ஊர், இந்திய எல்லையிலிருந்து 25 கிலோமீட்டர். அங்கே கிட்டத்தட்டப் பாதி மாதிரிகளில் இருந்தது. 'கிருமிக்குப் பழகிப்போச்சு' என்று சொல்வது இந்த 39 என்ற எண்ணை மறைத்துவிடுகிறது. எல்லாக் கிருமியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தால் 39 என்ற எண்ணே வராது. நூற்றில் 39ல் ஒரு வடிவம், மீதியில் இன்னொரு வடிவம். முன்பு இந்த 39, ஒன்றோ இரண்டோவாக இருந்திருக்கும். நோயாளி ஒருவர் உடம்பில் கோடிக்கணக்கில் கிருமிகள். அத்தனை படிகளில் பாடபேதத்துக்கா பஞ்சம்?

## சித்திரை மாதத்தில் மழைக்கோட்டு

எதிர்ப்புத் திறன் வந்தால் அது கிருமிக்கு எப்போதும் லாபம்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. யாங்கோனில் ஆடி மாதம் மழைக்கோட்டோடு திரிபவர் புத்திசாலி. அதே ஆள் அந்தக் கோட்டைக் கழற்றவே முடியாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில், திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள், அவர் பாடு திண்டாட்டம்.

ஆப்பிரிக்காவில் மலாவி நாடு 1993ல் குளோரோகுயினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. அதற்கு முந்தைய வருடம் எதிர்ப்பு மரபணு வடிவம் 85 சதவீதக் கிருமிகளில் இருந்தது. 2000ல் அது 13 சதவீதமாக இறங்கிவிட்டது. பிறகு குளோரோகுயின் அங்கே மறுபடியும் வேலை செய்தது. மழை நின்றது, கோட்டுக்காரர்கள் பின்தங்கினார்கள், கோட்டில்லாதவர்கள் பெருகினார்கள். கிருமி எதையும் மறக்கவில்லை. சேர்மானம்தான் மறுபடி மாறியது. இயற்கைத் தேர்வுக்கு இலக்கு கிடையாது, முன்னேற்றம் என்று ஒரு திசையும் கிடையாது. இன்றைய சல்லடை எதுவோ அதுதான்.

## தேர்வே வேறுபாட்டைக் காப்பாற்றும் விசித்திரம்

சல்லடை என்றதும் வேறுபாடு குறைந்துகொண்டே போய், கடைசியில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று நினைப்போம். சில சமயம் அப்படித்தான். கூட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளும் தேர்வும் உண்டு, அந்தப் புல்லில் பார்த்தது அது. இரண்டு ஓரத்தையும் நறுக்கி நடுவை வைத்துக்கொள்வதும் உண்டு: பிறக்கும் குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலும் ஆபத்து, மிகப் பெரியதாக இருந்தாலும் ஆபத்து, மூன்று மூன்றரைக் கிலோ பக்கம்தான் பத்திரம். அபூர்வமாக நடுவை நறுக்கி ஓரங்களை வைத்துக்கொள்வதும் நடக்கும். கேமரூனில் ஒரு சின்னக் குருவி வகையில் கடின விதை உடைக்கும் பெரிய அலகும், மென்விதை உண்ணும் சிறிய அலகும் தழைக்கின்றன, இடைப்பட்டது திண்டாடுகிறது.

ஆனால் நம் ரத்தத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வகைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு ஒரு பிரதி அப்பாவிடமிருந்து, ஒரு பிரதி அம்மாவிடமிருந்து. ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கான குறிப்பில் ஒரு பாடபேதம் உண்டு. இரண்டு பிரதியும் அந்த வடிவமாக இருந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து கடும் நோய் தரும். அரிவாள் ரத்தசோகை என்கிறோம். இவ்வளவு கெட்ட வடிவம் எப்போதோ சலித்து வெளியே போயிருக்க வேண்டுமே? போகவில்லை. 1954ல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காரணத்தைக் காட்டினார்: ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு அந்த நோய் வருவதில்லை, கூடவே மலேரியாவின் கொடுமையிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா உள்ள ஊரில் இரண்டு நல்ல பிரதி வைத்திருப்பவரைவிட, ஒன்று நல்லது, ஒன்று 'கெட்டது' வைத்திருப்பவரே மேல். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் பிள்ளைகளில் சராசரியாக நான்கில் ஒன்று நோயோடு பிறக்கும், இரண்டு பாதுகாப்போடு, ஒன்று பாதுகாப்பில்லாமல். அதனால் அந்த வடிவம் முழுக்கப் பரவவும் முடியாது, முழுக்க ஒழியவும் முடியாது. இதற்குச் *சமநிலைத் தேர்வு* என்று பெயர். இது ஆப்பிரிக்கக் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1952ல் நம் நீலகிரி மலை மக்களிடமும் இதே வடிவம் இருப்பது கண்டறியப்பட்டது.

பர்மா, தாய்லாந்து, கம்போடியா பக்கம் அரிவாள் வடிவத்தைவிட ஹீமோகுளோபின் ஈ என்ற வடிவமே மிகுதி. தனியாக இருந்தால் பெரிய தொந்தரவில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவோடு சேர்ந்தால்தான் சிக்கல். கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பதினொன்றாக இதையும் பார்த்துவிடலாம். அடுத்து ஜி6பிடி என்று ஒரு நொதி. தாய்லாந்து - பர்மா எல்லையில் வாழும் காரென் மக்களிடம் அதன் குறைபாட்டு வடிவம் ஒன்று, வைவாக்ஸ் மலேரியாக் கிருமியின் எண்ணிக்கையை உடம்பில் குறைப்பதையும், சுமார் 1500 வருடமாகத் தேர்வு அதைப் பெருக்கிவந்திருப்பதையும் 2009ல் காட்டினார்கள். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு, மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் மாத்திரையைக் கொடுத்தால் சிவப்பணு உடைந்து ஆபத்தாகலாம். மாத்திரை தருவதற்கு முன் கிளினிக்கில் சயாமா (நர்ஸ் அம்மா) விரலைக் குத்தி ஒரு சோதனை செய்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முன்னோர் எந்தச் சல்லடையைத் தாண்டி வந்தார்கள் என்றுதான் அவர் பார்க்கிறார்.

## எல்லா மாற்றமும் தேர்வு அல்ல

2008 மே 2ந் தேதி நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு விதைநெல்லும் போனது. அதை வைத்து ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன், கற்பனையாகத்தான்.

ஒரு கிராமத்தில் பத்து வகை நெல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டுக் குதிர்களைத் தண்ணீர் கொண்டுபோனது, பரணில் கட்டியிருந்த ஒரு மூட்டை மட்டும் தப்பியது. அடுத்த வருடம் ஊர் முழுக்க அந்த ஒரே வகை. அது நல்ல நெல் என்பதாலா? இல்லை. பரணில் இருந்ததால். இப்படிக் குருட்டு அதிர்ஷ்டத்தால் சேர்மானம் மாறுவதை *மரபியல் நகர்வு* என்கிறோம். கூட்டம் சிறியதாக இருந்தால் இதன் கை ஓங்கும். இன்னொரு கிராமத்தில் கடல்நீர் ஏறி வயலில் உப்பு தங்கிவிட்டது. கலந்து விதைத்த நெல்லில் உப்பைத் தாங்கியவை மட்டும் கதிர் விட்டன, விதையானது அவைதான். இது தேர்வு. இரண்டு ஊரிலும் வேறுபாடு குறைந்தது. ஒன்றில் காரணம் நெல்லின் குணம், மற்றதில் பரண்.

எதைப் பார்த்தாலும் 'இது எதற்காக உருவானது' என்று ஒரு காரணக் கதை கட்டுபவர்கள் இந்தக் குருட்டு அதிர்ஷ்ட வழியை மறந்துவிடுகிறார்கள். இராமநாதபுரத்திலிருந்து வந்த நாலு குடும்பம் சேர்ந்து அமைத்த ஊரில் பாதிப் பேருக்குக் கன்னத்தில் குழி விழுந்தால், பர்மா மண்ணில் கன்னக்குழியால் என்ன பயன் என்று ஆராய வேண்டாம். கப்பலேறிய தாத்தாவுக்குக் கன்னத்தில் குழி இருந்தது, அவ்வளவே.

## இரண்டு பூட்டுக் கதவு

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது மாமா ஒரே கேள்விதான் கேட்டார். "அப்ப என்னதான் செய்யறது?"

மருத்துவம் கண்டுபிடித்த வழி, ஒரே நேரத்தில் இரண்டு சல்லடை வைப்பது. பேச்சுக்கு, பத்து லட்சம் கிருமியில் ஒன்று முதல் மருந்தைத் தாண்டும், பத்து லட்சத்தில் ஒன்று இரண்டாவதைத் தாண்டும் என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்துத் தாண்டும் கிருமி கிடைக்க லட்சம் கோடியில் ஒன்றைத் தேட வேண்டும். ஆர்ட்டிமிசினினைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2006ல் சொன்னதும், இப்போது வேறொரு மருந்தோடு சேர்த்தே தருவதும் இதனால்தான். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டால், முதல் அடியில் தப்பிய கிருமிகளுக்கு அந்த இரண்டு சல்லடையும் முழுதாக வருவதே இல்லை.

போன மாதம் பெகுவில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் கையால் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லிதான். மருந்தடித்த வயலில் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, வரப்போரமாக ஏழெட்டுக் குதிரைவாலிப் புல் மட்டும் பச்சையாக நின்றது. அதில் இரண்டின் அடித்தண்டு சிவப்பு. மருந்துக்குக் கண் இல்லை, நெல் வேஷம் இனித் தேவையில்லை. அத்தை கடைக்காரனைத் திட்டினார்: "மருந்துல தண்ணி கலந்துட்டான்டா." கலந்தானோ இல்லையோ, மருந்து அந்த இடத்தில் சரியாக விழாமல்கூட இருந்திருக்கலாம். எப்படியோ, அந்த ஏழெட்டும் பூக்கத் தொடங்கியிருந்தன. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, விதை உதிர்வதற்குள் ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி எடுத்தேன்.